பதின்மூன்று எழுத்தும் ஒரு நிபந்தனைப் பட்டாவும்

போன கோடையில் திருமழிசைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு காலனியிலிருந்து பெரியவர் ஒருவர் எங்களைத் தேடி ஆவடிக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் பாலித்தீன் கவரில் சுற்றிய நாலைந்து தாள்கள். அதில் ஒன்று, அவருடைய அப்பாவுக்கு 1960-களில் அரசு கொடுத்த ஒப்படைப் பட்டாவின் நகல். கையால் எழுதியது, பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. அந்த நிலத்தில் இப்போது வேறு யாரோ மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள்.

அன்று எங்களோடு சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் இருந்தார். உச்சநீதிமன்றத் தீர்ப்பை ஆங்கிலத்தில் கடகடவென்று படித்து எங்களுக்கு விளக்கம் சொல்கிறவர். அந்தத் தாளை வாங்கியவர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, இது என்ன எழுத்துண்ணே? 'நிபந்த'ன்னு வருது. அதுக்கப்புறம் யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி ஒண்ணு இருக்கு." நாங்களும் எட்டிப் பார்த்தோம். எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

மாலை வகுப்புக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் ஆயா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இங்க குடு கண்ணு" என்று வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நிபந்தனைடா. கீழ்க்கண்ட நிபந்தனைக்கு உட்பட்டுன்னு போட்டிருக்குது. விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாதாம்."

தம்பி முழித்தது அந்த ஒரு எழுத்தில்தான்: னை. பெரியவருடைய வழக்கு நிற்கப்போவதும் அந்த ஒரு சொல்லில்தான். நிபந்தனை இருந்தால் அந்த விற்பனை செல்லுமா என்று கேட்கலாம். இல்லையென்றால் அது வெறும் நிலம், யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள்.

அன்றிலிருந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறோம். மாணவத் தோழர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த எழுத்துகளைச் சொல்லிவிடுவோம். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டது. பெரியார் நூற்றாண்டை ஒட்டி, அவர் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. அதில் மாறியவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அதற்கு முன்னால் ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது. எழுத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். ஒகர, ஓகார வரிசையிலும் அந்தச் சுழிதான். ணை, லை, ளை, னை நான்குக்கும் இப்போது நாம் போடும் சங்கிலிக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையில் ஒரு தும்பிக்கை வளைந்து நிற்கும். அந்தப் படத்தை இங்கே போட்டுக் காட்டலாம் என்றால் முடியவில்லை. செல்பேசி விசைப்பலகையில் அந்த வடிவம் கிடையாது, சாதாரண எழுத்துருவிலும் வராது. வேடிக்கை என்னவென்றால், பத்திரங்களில் 'மேற்படி' என்பதற்குப் போடும் ௸ என்ற குறி மட்டும் செல்பேசியில் தெரிகிறது.

ஒரு குழந்தையின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். கா, சா, டா என்று எழுதப் பழகும்போது காலைச் சேர்த்தால் போதும் என்று விதி. ணா வந்ததும் விதி முறிகிறது. கை, சை, டை எழுதிப் பழகிய பிள்ளைக்கு லை வந்ததும் புதிதாக ஒரு தும்பிக்கை. வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிற குழந்தை இதை ஒரு வாரத்தில் தாண்டிவிடும். அப்பா வண்டி இழுக்க, அம்மா சித்தாள் வேலைக்குப் போக, தலைமுறையில் முதல் ஆளாகப் பலகை தூக்கிய குழந்தைக்கு அந்த ஒவ்வொரு விலக்கும் ஒரு அடி. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுவதற்கு இப்படிப்பட்ட சின்ன அடிகளே போதும்.

அதனால் 1978 ஆணையை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பெரியார் 1935-லேயே குடிஅரசு ஏட்டில் இந்த எழுத்துகளைப் போட ஆரம்பித்துவிட்டார். அரசு கேட்க 43 ஆண்டுகள் ஆயின. ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிட்டு அய், அவ் என்று எழுதலாம் என்றும் சொன்னார். அரசு அதை மட்டும் ஏற்கவில்லை. இயக்கத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் அய்யா என்றும் அய்ந்து என்றும் எழுதுவது அந்தப் பழக்கம். அப்படி எழுதினால் பரீட்சையில் பிழை என்று வட்டம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

'தமிழைச் சிதைத்துவிட்டார்கள்' என்று அன்று கூச்சல் போட்டவர்கள் எந்தத் தமிழைச் சொன்னார்கள் என்பதும் தெரியவில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும் என்று. குறில் எ, ஒ எது, நெடில் ஏ, ஓ எது என்பதை இப்போது நாம் எழுதுகிற மாதிரிப் பிரித்துக் கொடுத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். அதுவும் 18-ஆம் நூற்றாண்டில். கல்வெட்டில் ஒரு வடிவம், ஓலையில் ஒரு வடிவம், அச்சில் ஒரு வடிவம் என்று தமிழ் எழுத்து மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. மாறாமல் இருந்தது, அதை யார் தொடலாம் என்ற சட்டம் மட்டும்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள், பெரிய பிள்ளை சின்ன பிள்ளைக்குச் சொல்லித்தரும். எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் அங்கே ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். கடல் தாண்டிப் போன அந்த மணலெழுத்து ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த தெருவைத் தாண்டவில்லை. 1894-ல் அடையாற்றுப் பக்கம் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் திறக்கிற வரைக்கும், மிஷன் பள்ளி இல்லாத இடங்களில் நம் பிள்ளைகளுக்குக் கதவு ஏது?

அப்படிப்பட்ட காலத்தில்தான் அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதற்கு முன்பே, 1893-ல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பேரிலேயே ஏடு நடத்தினார். எழுதத் தெரியாத கூட்டம் என்று நம்மைச் சொன்னவர்களுக்கு அச்சிலேயே பதில் சொன்னவர்கள் இவர்கள். அந்த ஏடுகள் எல்லாம் பழைய எழுத்தில்தான் இருக்கின்றன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த பக்கங்களை யாரோ பழைய வடிவத்தில் படித்து, புதிய வடிவத்தில் அடித்ததால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-ல் வந்த தொகுதிகளை நாம் இன்று கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசுகிறோம். அப்படி யாரும் இன்னும் எடுத்து அடிக்காத பக்கங்கள்? அவற்றை நாமேதான் படிக்க வேண்டும்.

இனி மஞ்சப்பைக்கு வருவோம்.

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு விதை. 1892-ல் ஆணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு: முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாற வேண்டும். அதற்குப் பின்னால் கொடுத்த ஒப்படை நிலங்களிலும் இதே மாதிரி நிபந்தனைகள் எழுதினார்கள். பெரியவருடையது அந்த வகை. 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் பஞ்சமி நிலம் கேட்டு நின்றதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் நீங்கள் அறிவீர்கள். அந்த உயிர்களுக்குப் பின்னாலும் இப்படிச் சில பழைய தாள்கள்தான் இருந்தன.

இப்போது மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1978-ல் எழுத்து மாறியது. 1979-ல் யு.டி.ஆர். என்று சொல்கிறோமே, அந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1987 வரை நடந்தது. 1980 நவம்பரில், வழிவழியாகச் சில குடும்பங்களின் கையிலேயே இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. மூன்றும் நல்ல காரியங்கள்தான், மூன்றையும் வரவேற்கிறோம். கர்ணம் ஒழிந்ததில் நம்மைவிட அதிகம் மகிழ்ந்தவர்கள் யார் இருக்க முடியும்? ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் நிலக் கணக்கில் ஒரு கோடு விழுந்துவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய பதிவேடு, பழைய எழுத்து, கர்ணத்தின் கிறுக்கல். இந்தப் பக்கம் புதிய பதிவேடு, புதிய எழுத்து, கிராம நிர்வாக அலுவலர். பஞ்சமி நிலப் போராட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற புகார் இதுதான்: பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. நிலம் என்ற குறிப்பு யு.டி.ஆரில் காணோம். காணாமல் போனதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் படிக்க வேண்டும். 1980-க்குப் பிறகு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு, அதாவது நம்மில் முதன்முதலாகக் கல்லூரி வரை போனவர்களில் பெரும்பாலோருக்கு, இந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

ஒரு பத்திரத்தில் எந்தச் சொற்கள் முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். எல்லை. விலை. மனை. நிபந்தனை. அண்ணாமலை என்று தாத்தாவுக்குப் பேர் இருந்தால் அதில் இரண்டு எழுத்து. கண்டம் போட்டு வாங்கின மாதிரி, எல்லாம் இந்தப் பதின்மூன்றுக்குள் வந்து மாட்டுகின்றன.

பெரியவர் எங்களிடம் வருவதற்கு முன்பு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். "இதெல்லாம் பழைய எழுத்து, யாரு படிக்கிறது, டைப் பண்ணிக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெளியே ஒருவர் தாளுக்கு அய்நூறு கேட்டார். பணம் கொடுத்து அடித்து வாங்கிய தாளையும் எங்களிடம் காட்டினார். நிபந்தனை என்று வருகிற வரியே அதில் இல்லை. வேண்டுமென்று விட்டாரா, படிக்கத் தெரியாமல் விட்டாரா என்று நாங்கள் சொல்ல முடியாது. கர்ணத்தின் வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற தாத்தாவின் பேரன், கையில் பட்டப்படிப்போடு இன்னொரு வாசலில் அதே மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

'அப்படியானால் பழைய எழுத்தையே வைத்திருக்கலாமே' என்று ஒரு தோழர் கேட்டார். கூடவே கூடாது. ஒரு காலத்து ஆவணத்தைப் படிப்பதற்காக ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முதுகில் சுமை ஏற்றக் கூடாது. எழுதுவது ஒன்று, படித்து அடையாளம் காண்பது வேறொன்று. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. சீனாவில் 1955-ல் ஒரே எழுத்துக்கு இருந்த மாற்று வடிவங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒதுக்கினார்கள். 1956-ல் கோடுகளைக் குறைத்து எளிய எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். கோடிக்கணக்கான உழைக்கும் மக்கள் எழுத்தறிய வேண்டும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. 1977-ல் இன்னும் குறைக்கப் போய், ஜனங்கள் குழம்பி, 1986-ல் அந்த இரண்டாம் கட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஹாங்காங்கிலும் தைவானிலும் இன்றும் பழைய வடிவம்தான். துருக்கியில் 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் தாத்தாவின் கல்லறையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தனியாகப் பாடம் படிக்க வேண்டும். அங்கே மாறியது மொத்த எழுத்தும். நமக்கு மாறியது பதின்மூன்றுதான். இரண்டு மணி நேர வேலை. அந்த நேரத்தை நம் பள்ளிகள் ஒதுக்கினால் என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்களை அதிகம் வருத்துவது அதுதான். அன்று பட்டாவைப் படித்த ஆயாவின் பேத்தி மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் வீட்டுப்பாடத்தில் 'மலை' என்ற சொல்லை ஆயா எழுதிக் காட்டிய மாதிரி தும்பிக்கை வைத்து எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். சிவப்பு மையில் கோடு. 'யார் இப்படிச் சொல்லித்தந்தது, தப்புத் தப்பா' என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து, "ஆயா, உனக்கு எழுதத் தெரியல" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஆயா பேத்தியோடு உட்காருவதையே விட்டுவிட்டார். "எனக்கு இன்னா தெரியும், அஞ்சாவது படிச்சவ" என்று சொல்லிக்கொண்டு திண்ணையிலேயே இருந்துவிடுவார்.

அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே பெரிய ஆள் அவர்தான். ஒரு சிவப்புக் கோட்டில் அவரும் இல்லாமல் போனார். 'இது உங்க ஆயா காலத்து எழுத்து, இரண்டும் ஒரே லைதான், நீ இப்போ இப்படி எழுது' என்று ஆசிரியர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஆசிரியரைத் திட்டவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அவரும் 1980-க்குப் பிறகு படித்தவராகத்தான் இருப்பார். அவருக்கே அது எழுத்து என்று தெரியாது.

2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மீட்பதற்காக. ஆட்டம், பாட்டு, படம் என்று நல்ல முறைகள் உள்ளன. அதில் குடும்பத்தின் பெரியவர்களுக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் மக்களில் 73. இந்த ஏழு விழுக்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், எழுத்து தெரிந்தும் 'தெரியாது' என்று உட்கார்ந்துவிட்ட ஆயாக்களையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு வெள்ளைத்தாள் தொங்குகிறது. பதின்மூன்று எழுத்துகள், பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். எழுதியவர் ஆயா. முதலில் மறுத்தார். சட்டக் கல்லூரித் தம்பி போய், "ஆயா, எனக்குச் சொல்லித்தா, எனக்கு வேணும்" என்று பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்த பிறகு எழுதினார். பேத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஆறேழு கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவரவர் வீட்டுப் பழைய தாளைக் கொண்டுவரச் சொல்கிறோம்: பத்திரம், ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எது இருந்தாலும் சரி. முதல் நாள் தடுமாறுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் சரளமாகப் படிக்கிறார்கள்.

பெரியவருடைய மனு போய்விட்டது, நிபந்தனை வரியை மேற்கோள் காட்டி. பதில் இன்னும் வரவில்லை. மஞ்சப்பையில் இன்னொரு தாள் மீதி இருக்கிறது, கர்ணம் கையால் எழுதிய அடங்கல் நகல். அதில் தமிழ் எண்ணும் பின்னக் குறியுமாக இரண்டு வரிகள் இருக்கின்றன. ஆயாவாலும் படிக்க முடியவில்லை. அம்பத்தூர், பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் பழைய கிராமக் கணக்கு படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் தெருவில் யாராவது இருந்தால் ஞாயிறு காலையில் அழைத்து வாருங்கள். வண்டிச் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.